கைம்பெண்களுக்கு நிலக்கரி

கேள்வி ஏழு:
உங்கள் திட்டத்தின் தேவையை
இருநூற்றைம்பது சொற்களுக்குள் விளக்குக.

எண்ணிப் பார்த்தேன், இருநூற்று அறுபத்தெட்டு.
"மிகவும்" பதினொன்று இருந்தது, பிடுங்கினேன்.
"வயதான" என்பதை எடுத்தேன்,
டெக்வினுக்கு அந்தச் சொல்லே பிடிக்காது.
"மழை பெய்யும்போது" என்பதையும் எடுத்தேன்.
வேல்ஸில் அதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?
இன்னும் நான்கு அதிகம்.

உலகத்துக்கே கூரைப் பலகைக்கல் வெட்டி அனுப்பிய ஊர்.
எங்கள் சிற்றாலயத்தில் பீடத்துக்கு இடப்பக்கம்
ஒரு இளஞ்சிவப்பு வாளி,
யாரோ ஒரு பிள்ளை கடற்கரையில் மணல் அள்ளியது.
வியாழக்கிழமை அதைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு
டின்களை அடுக்குவோம்: அவரை, பீச், சூரை மீன்.
நாற்பத்தொரு குடும்பம்.
படிவத்தில் அவர்கள் பயனாளிகள்.
வரிசையில்,
ஒருவர் பையை ஒருவர் பார்க்காமல் பார்ப்பவர்கள்.

தட்டினால் திறக்கும் என்றுதான் சொல்லி வளர்த்தார்கள்.
இப்போது கதவுக்குக் கடவுச்சொல் வேண்டியிருக்கிறது,
அதில் ஒரு எண்ணும் ஒரு பெரிய எழுத்தும் வேண்டியிருக்கிறது.

முதல் அறக்கட்டளை:
வழிபாட்டு இடங்களுக்குத் தருவதில்லை.
"ஆலயம்" என்பதை அழித்து
"சமூகக்கூடம்" என்று போட்டேன்.
இரண்டாவது:
வழிபாட்டு இடங்களுக்கு மட்டும்.
மறுபடி அழித்தேன்.
அந்த வாரம் கடவுள்
மூன்று முறை வெளியே போய் உள்ளே வந்தார்.
மூன்றாவது: பாதியை வேறெவராவது தந்தால் மீதி எங்களுடையது.
நான்காவதும் அதே வாக்கியம்.
சம்பந்தி வீட்டு விருந்துபோல
நீங்கள் முதலில், நீங்கள் முதலில்.
காற்றாலை நிதிக்கு நாங்கள்
எல்லைக்கோட்டுக்கு நானூறு மீட்டர் இந்தப் பக்கம்.
அந்த இறக்கைகளின் நிழல்
மாலையில் என் பாத்திரத் தொட்டியில் விழுந்து எழுகிறது.

நெரிஸ்தான் கண்டுபிடித்தாள்,
மாவட்ட ஆவணக் காப்பகத்தில், வேறெதையோ தேடப்போய்:
மார்ஜெட் பரி என்பவளின் உயில்.
"இப்பங்கின் கல்சுரங்கத் தொழிலாளரின்
கைம்பெண்களுக்குக் குளிர்காலத்தில் நிலக்கரி."
பொறுப்பாளர் முகவரி
ஆலயத்திலிருந்து இரண்டாவது வீடு.
எந்த நாய்க்குப் பயந்து தெருவின் மறுபக்கம் நடக்கிறோமோ
அந்த நாயின் வீடு.

எம்ரிஸ் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார்.
"பதினேழு வருடமாக வைத்திருக்கிறேன்.
யாரும் கேட்கவில்லை.
நானாகப் போய்க் கொடுக்கலாம் என்று
இதில் எழுதவில்லை."
நாய் என் முழங்காலில் தலையை வைத்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு பவுண்டு.
கூரைக்காரர் கேட்டது முப்பத்தெட்டாயிரம்.
யானைப் பசிக்குச் சோளப்பொரி,
அந்தப் பொரியும் நிலக்கரியாக மட்டும்.

சுரங்கக்காரர் கைம்பெண் என்று
ஊரில் மிஞ்சியவர் மேய்ர் ஒருவர்.
வயது தொண்ணூற்று மூன்று.
"என் வீட்டில் புகைபோக்கியே இல்லை.
நிலக்கரியை மெத்தைக்கடியிலா வைப்பேன்?
வியாழக்கிழமை உங்களோடு டின் அடுக்கும்போதுதான்
விரல் மரத்துப்போகிறது."

பொறுப்பாளர்கள் மூவர், எம்ரிஸின் சமையலறை,
இரண்டு கெண்டி தேநீர்.
ஒருவர் அகராதியே எடுத்து வந்துவிட்டார்.
இரவு பத்தரைக்குத் தீர்மானம்:
இவ்வுயிலில் நிலக்கரி என்பது
வெப்பம் எனப் பொருள் கொள்ளப்படும்.

நான்கு மின்கணப்பு வாங்கினோம்,
மிச்சத்தை மின்கட்டணத்துக்கு ஒதுக்கினோம்.
வாளியை எட்டடி தள்ளி வைத்திருக்கிறோம்.
சொட்டு நிற்கவில்லை.

விளைவு அறிக்கை எத்தனை பக்கம் என்று கேட்டேன்.
எம்ரிஸுக்குக் கேள்வியே புரியவில்லை.
ரசீதின் முதுகில் ஒரு வரி எழுதுங்கள், போதும்.

எழுதினேன்:
மேய்ர் கையுறையைக் கழற்றினார்.

மூன்று சொல்.
வீட்டுக்கு வந்து கேள்வி ஏழைத் திறந்தேன்.
இன்னும் நான்கு அதிகம்.